கொள்ளைநோய்க் காலமும் லாரித் தொழிலாளரும் – வணிகர் அறிய வேண்டியவை



கொள்ளைநோய் என்றதும் நாம் ஆஸ்பத்திரியையும் மருந்தையும் நினைக்கிறோம். வியாபாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரடங்கு, கடையடைப்பு, நேரக் கட்டுப்பாடு என்று பேசுகிறோம். இவை இரண்டுக்கும் நடுவே சரக்கை ஏற்றி, ஓட்டி, இறக்குகிற மனிதர்கள் இருக்கிறார்கள். கொரோனாவின் இரண்டு ஆண்டுகளில் நமக்கு வந்த நஷ்டம் அவர்கள் வழியாக எப்படி வந்தது, அடுத்த முறை அதைக் குறைக்க நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நோய் மறுபடி வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

எங்கள் உத்திரமேரூருக்கு ரயில் இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி என்று நாலு பக்கமும் சாலைதான். துவரம்பருப்பு குல்பர்கா பக்கத்திலிருந்தும், வெங்காயம் நாசிக் பக்கத்திலிருந்தும், மிளகாய் குண்டூரிலிருந்தும், மஞ்சள் ஈரோட்டிலிருந்தும், பாமாயில் சென்னைத் துறைமுகம் வழியாகவும் வருகின்றன. எங்கிருந்து புறப்பட்டாலும் கடைசியில் ஒரு லாரி, அல்லது நாம் குட்டி யானை என்று சொல்லும் சின்ன வண்டி, அதை நம் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள்கூடச் சாலை வழியாகத்தான் வருகிறார்கள். ஆகவே சாலையில் ஓடுகிறவர் நின்றால் எங்கள் ஊர் நிற்கும். தமிழ்நாட்டில் பல சிற்றூர்களின் நிலைமை இதுவே.

அனுமதி இருந்தும் வண்டி ஏன் வரவில்லை?

2020 மார்ச் 24 மாலை நம் மாநிலத்தில் 144 தடை வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அத்தியாவசியப் பொருள்களை ஏற்றிச் செல்லத் தடையில்லை என்று முதல் நாளே சொன்னார்கள். மார்ச் 29 அன்று எல்லாச் சரக்கும் போகலாம் என்று மத்திய உள்துறை விளக்கம் தந்தது. சுங்கச்சாவடிகளில் மார்ச் 25 முதல் ஏப்ரல் 19 வரை பணம் வாங்கவில்லை. காலாவதியாகிற ஓட்டுநர் உரிமம், எஃப்.சி. ஆகியவற்றுக்கும் இ-வே பில்லுக்கும் தவணை நீட்டித்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆனால் வண்டி ஓடவில்லை. நாடு முழுவதும் எடுக்கப்பட்ட இ-வே பில்களின் எண்ணிக்கையே இதற்குச் சாட்சி. 2020 பிப்ரவரியில் சுமார் 5 கோடியே 70 லட்சம். மார்ச்சில் சுமார் 4 கோடி. ஏப்ரலில் சுமார் 86 லட்சம்தான். அதாவது பிப்ரவரியில் நூறு வண்டி சரக்கு போனது என்றால் ஏப்ரலில் பதினைந்து. ஜி.எஸ்.டி. வசூல் 2019 ஏப்ரலில் 1,13,865 கோடி ரூபாய். 2020 ஏப்ரலில் 32,172 கோடி. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்ததும், மக்கள் வாங்காததும் இதில் அடக்கம் என்பது உண்மை. ஆனால் பருப்பையும் எண்ணெயையும் மக்கள் வாங்காமல் இல்லை. விற்கிற இடத்தில் இருப்பு இருந்தது, வாங்குகிற இடத்தில் வரிசை நின்றது. நடுவில் லாரி இல்லை.

காரணத்தை லாரிக்காரர்களிடமே கேட்டோம். முதல் காரணம் சோறு. நெடுஞ்சாலை ஓட்டல்கள் மூடிவிட்டன. குல்பர்காவிலிருந்து இங்கு வரும்வரை ஓட்டுநர் எதைச் சாப்பிடுவார்? இரண்டாவது, மெக்கானிக்கும் பஞ்சர் கடையும் இல்லை. ஒரு டயர் போனால் இருபது டன் பருப்பு வெயிலில் நிற்கும். மூன்றாவது, கிளீனர் பயந்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஒற்றை ஆளாய் இரவு முழுவதும் ஓட்ட முடியாது. நான்காவது, சரக்கை இறக்கினால் காலி வண்டியாகத் திரும்ப வேண்டும். காலி வண்டியை மாநில எல்லையில் நிறுத்தி, அத்தியாவசியச் சரக்கு எங்கே என்று கேட்டார்கள்.

இந்தக் குறைகள் மேலே போய்ச் சேர்ந்து, காலி வண்டியும் போகலாம் என்று ஏப்ரல் 12 அன்று விளக்கம் வந்தது. ஏப்ரல் 15 அன்று வந்த வழிகாட்டுதலில்தான் இரண்டு ஓட்டுநர், ஒரு உதவியாளர் என்று தெளிவாகச் சொல்லி, நெடுஞ்சாலை ஓட்டல்களையும் லாரி பழுதுபார்க்கும் கடைகளையும் திறக்க வழிசெய்தார்கள். சரக்குக்கு அனுமதி முதல் நாள். அதை ஓட்டுகிறவரின் சாப்பாட்டுக்கு அனுமதி மூன்று வாரம் கழித்து. 1897-ஆம் ஆண்டு, பம்பாய் பிளேக்கின்போது வெள்ளைக்காரர் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இலும் பயன்படுத்தினோம். ரயில் பயணிகளையும் கப்பல்களையும் சோதிப்பது பற்றி அதில் இருக்கிறது. ஓட்டுகிறவர் எங்கே உண்பார், எங்கே உறங்குவார் என்பது அதில் இல்லை.

ரிட்டன் லோடு விஷயத்தைச் சில்லறைக் கடைக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாரிக்குப் போக 40,000 ரூபாய், வர 30,000 ரூபாய் வாடகை என்றும், டீசல், பேட்டா, தேய்மானம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் செலவு என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 10,000. வரும்போது காலி என்றால் அதே நடையில் 20,000 கைநட்டம். (காலி வண்டிக்கு டீசல் சற்றுக் குறையும்; அதை விட்டுவிடுவோம்.) இந்த நட்டத்தை லாரிக்காரர் எத்தனை நடை தாங்குவார்? ஒன்று, வண்டியை நிறுத்துவார். அல்லது போகும்போதே வாடகையைக் கூட்டிக் கேட்பார். கூட்டிய வாடகை மூட்டை விலையில் ஏறும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் நம்மைத்தான் பதுக்கல்காரர் என்று திட்டினார்கள்.

டீசல் விலையும் சேர்ந்துகொண்டது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்து கிடந்த சமயத்தில், 2020 மே 3 அன்று மாநில அரசு டீசல் மீதான வரியை லிட்டருக்கு 2.50 ரூபாய் கூட்டியது. இரண்டு நாளில் மத்திய அரசு கலால் வரியை 13 ரூபாய் ஏற்றியது. இந்த 13 ரூபாய் உடனே பங்க் விலையில் தெரியவில்லை. கச்சா எண்ணெய் இறங்கிய லாபம் நமக்கு வராமல் போயிற்று, அவ்வளவே. ஜூன் 7 முதல் தினமும் விலை ஏறத் தொடங்கியபோதுதான் சுமை தெரிந்தது. வண்டித் தவணைக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தந்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று பின்னால் சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தீர்ந்தது வேறு கதை.

ஓட்டுநருக்கு எந்த அவகாசமும் இல்லை. பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. நடைக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்பதே வழக்கம். வண்டி ஒரு மாதம் நின்றால் ஒரு மாதம் வருமானம் இல்லை. லோடுமேன்களுக்கு மூட்டைக் கணக்கு. இறக்கினால் காசு, இல்லாவிட்டால் இல்லை. இந்தக் கூலிமுறைதான் நோய் பரவுவதற்கும் வழியாயிற்று. கோயம்பேட்டில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

கோயம்பேடு

1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து மாறிய அங்காடி அது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். நம் பக்கத்துக் காய்கறி வண்டிகளெல்லாம் நள்ளிரவில் அங்கே நின்றாக வேண்டும். ஓட்டுநர் இரவு வந்து சேருவார். லோடுமேன்கள் தோளோடு தோள் உரச இறக்குவார்கள். இறக்கி முடிக்கும்வரை ஓட்டுநர் கேபினிலோ வண்டிக்கு அடியிலோ படுத்திருப்பார். அதே மெஸ்ஸில் சாப்பாடு, அதே கழிப்பறை. பல மாவட்டத்து ஆள்கள் ஒரே இரவில் கலந்து, விடிவதற்குள் பல மாவட்டங்களுக்குப் பிரிந்துபோகும் இடம் தமிழ்நாட்டில் அதைப்போல் வேறொன்று இல்லை.

ஏப்ரல் கடைசியில் அங்கே நோய் கிளம்பியது. மே 4 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நாளில் 527 பேருக்குத் தொற்று. அதில் பெரும்பங்கு கோயம்பேட்டோடு தொடர்புடையது. மே 5 அன்று அங்காடியை மூடினார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குத் திரும்பிய தொழிலாளர்களிடம் அடுத்தடுத்து நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பேருந்து இல்லாத நேரம். அவர்கள் காய்கறி இறக்கிய லாரிகளிலேயே ஏறி ஊர் போனார்கள். கோயம்பேடு வழியாக நோய் கண்டவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள்.

அப்போது பத்திரிகைகள் இந்தத் தொழிலாளர்களைக் குற்றவாளிகள் போல எழுதின. நம் வணிகர்களிலும் சிலர் அப்படிப் பேசினார்கள். அது நியாயமன்று என்பது நமது கருத்து. மூட்டைக்குக் கூலி வாங்குகிறவர் காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போகும். பதினான்கு நாள் தனிமை என்றால் பதினான்கு நாள் கூலி போகும். இருமலை அடக்கிக்கொண்டு மூட்டையைத் தூக்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. கை கழுவு என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கழுவக் குழாய் எங்கே இருந்தது?

அங்காடி மூடியதால் வணிகத்துக்கு நேர்ந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே 10 முதல் திருமழிசையில் தற்காலிகச் சந்தை. பூ வியாபாரம் மாதவரத்துக்குப் போயிற்று. திருமழிசையில் இடம் குறைவு, மழை பெய்தால் சேறு. உணவு தானிய அங்காடி செப்டம்பர் 18 அன்றும், காய்கறி மொத்த அங்காடி செப்டம்பர் 28 அன்றும்தான் மறுபடி திறந்தன. நாலரை மாதம். எங்கள் பகுதியில் மார்ச் முதல் மே வரை தர்ப்பூசணி அறுவடைக் காலம். அந்த ஆண்டு வண்டி கிடைக்காமலும் சந்தை இல்லாமலும் எத்தனையோ பேர் கொடியிலேயே காயை விட்டுவிட்டார்கள். அந்த விவசாயி நம் கடைக்கு வர வேண்டிய பாக்கியைக் கொடுக்கவில்லை. நாம் மண்டிக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டோம். கோயம்பேட்டு லோடுமேனின் காய்ச்சலுக்கும் நம் நிலுவைக் கணக்குக்கும் இப்படித்தான் சம்பந்தம்.

இன்னொன்றும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுமக்களுக்கான பேருந்து 2020 மார்ச் கடைசியில் நின்றது. மறுபடி ஓடியது செப்டம்பர் 1 அன்றுதான். கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து நம் கடைகளில் எடுபிடி வேலையும் பொட்டலம் கட்டும் வேலையும் பார்த்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஐந்து மாதம் வரமுடியவில்லை. அவர்களில் பலர் திரும்ப வேலைக்கு வரவேயில்லை.

முன்பு நடந்தவை

இது புதிதல்ல. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்ததும் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி நாடு முழுவதும் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் 876 பேர். இறந்தவர்கள் 54 பேர். ஆனால் பல நாடுகள் விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்கை வாங்கத் தயங்கின. காஞ்சிபுரம் பட்டுக்கு வேண்டிய ஜரிகை சூரத்திலிருந்து வருவது என்பதால் இந்தச் செய்தி நம் மாவட்டத்துக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு சூரத் மாநகராட்சி குப்பையையும் சாக்கடையையும் சீர்செய்து நாட்டிலேயே தூய்மையான நகரங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. வந்த நஷ்டத்தில் ஒரு சிறு பங்கை முன்னாலேயே செலவழித்திருக்கலாம்.

எய்ட்ஸ் விஷயமும் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அடுத்த பத்தாண்டில் லாரி ஓட்டுநர் என்றாலே விரலை நீட்டும் வழக்கம் வந்தது. பெண் கொடுக்க யோசித்தார்கள். பயந்தவர்கள் சோதனைக்கே போகவில்லை. நோய் வீடுவரை போயிற்று. 1994-இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்து, லாரிகள் நிற்கும் இடங்களுக்கே ஆள்கள் போய், ஓட்டுநர்களைக் கொண்டே ஓட்டுநர்களிடம் பேசவைத்து, மரியாதையாகச் சிகிச்சைக்கு வழிசெய்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ஓட்டுநரை விரட்டினால் நோய் மறையும் என்பது அன்றும் நடக்கவில்லை, 2020-இலும் நடக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதம் தந்த கணக்கில், வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் லட்சத்துக்குச் சுமார் 10 பேர் கொரோனாவால் இறந்திருந்தார்கள். பேருந்து ஓட்டுநர்களில் 26 பேர், டாக்சி ஓட்டுநர்களில் 36 பேர். அதே ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ் எல்லையை மூடியபோது, ஆயிரக்கணக்கான லாரிகள் டோவர் துறைமுகத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் நாளிலும் நின்றன. சீக்கிய அன்பர்கள் சமைத்துக் கொண்டுபோய்ச் சோறு போட்டார்கள். பணக்கார நாட்டிலும் ஓட்டுநரின் சாப்பாட்டுக்கு அரசாங்கத் திட்டத்தில் இடமில்லாமல் போயிற்று.

எங்கள் கடைத்தெருவில்

இரண்டாவது அலையில், 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மே 24 முதல் மளிகைக் கடைகளும் அடைப்பு. அதற்கு முந்தைய நாள்களில் காலை பத்து மணிவரைதான் கடை. ஆகவே எல்லா லோடும் விடியற்காலை மூன்று மணி நேரத்தில் இறங்க வேண்டியிருந்தது. எங்கள் கடைத்தெருவில் இருபது ஆண்டுக்கு மேல் மூட்டை தூக்கிய ஒருவர் அந்த வாரம் முழுவதும் வேலைக்கு வந்தார். உடம்பு அனலாய்க் கொதித்ததைக் கூட வேலை செய்தவர்கள் கவனித்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். “ரெண்டு லோடு முடிச்சிட்டுப் போறேன், முதலாளி” என்று சொன்னவர், இரண்டையும் முடித்துவிட்டுத்தான் போனார். பத்தாம் நாள் செங்கல்பட்டில் இறந்துபோனார். கூட வேலை செய்த மூவருக்கு நோய் வந்து பிழைத்தார்கள். பருப்பு மண்டி ஒன்றும் எண்ணெய்க் கடை ஒன்றும் மூன்று வாரம் திறக்க ஆளில்லாமல் கிடந்தன.

அவர் எந்த ஒரு கடையின் ஆளும் அல்ல; கடைத்தெருவின் ஆள். ஆகவே எந்தக் கடையின் சம்பளப் புத்தகத்திலும் அவர் பெயர் கிடையாது. நல வாரியத்திலும் பதிவு இல்லை. உதவி கேட்டு அந்த அம்மா போன இடத்திலெல்லாம், “எந்தக் கடையில் வேலை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வணிகர்கள் சேர்ந்து ஒரு தொகை கொடுத்தார்கள். அது தயவு; ஏற்பாடு ஆகாது.

செய்யக்கூடியவை

பதிவுதான் முதல் வேலை. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் சுமை தூக்குவோருக்கு நல வாரியம் இருக்கிறது. ஓட்டுநர்களுக்குத் தனி வாரியம் இருக்கிறது. 2020-இல் வாரியங்களில் பதிவு செய்திருந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் வந்தது. பதியாதவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் வந்திருக்கிறது. எழுதத் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு கடைத்தெருவையே பதிந்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர். லோடு இறங்கும் இடத்தில் ஒரு குழாய், சோப்பு, ஓட்டுநர் படுக்க ஒரு நிழல், ஒரு கழிப்பறை. நோயில்லாத காலத்திலும் இவை தேவைதான். லோடு வரும் நேரத்தை வணிகர்கள் பேசிப் பிரித்துக்கொண்டால் கூட்டம் குறையும். வண்டி காத்துக் கிடப்பதும் குறையும்.

நோய்நாள் கூலியில்தான் வணிகர்கள் தயங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மூட்டைக்கு 25 காசு என்று எல்லாக் கடைகளும் ஒரு நிதியில் போடுவதாக வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் நாளைக்கு 2,000 மூட்டை இறங்கினால் 500 ரூபாய். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 1,50,000 ரூபாய். லோடுமேன்கள் இருபது பேர் என்றால் தலைக்கு 7,500. நாளைக்கு 500 ரூபாய் வீதம் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நாள் கொடுக்கலாம். ஒரே ஆண்டில் இருபது பேரும் படுக்கப்போவதில்லை, மீதி சேரும். ஐம்பது கிலோ மூட்டையில் 25 காசு என்பது கிலோவுக்கு அரைக் காசு. சாக்கு ஓட்டையில் இதைவிட அதிகம் சிந்துகிறது.

காய்ச்சல் என்று பொய் சொல்லுவார்களே என்று கேட்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டு இருந்தால் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் இருவர் பொய் சொன்னாலும், மெய்யான காய்ச்சலோடு ஒருவர் மூட்டை தூக்கியதால் இரண்டு கடைகள் மூன்று வாரம் மூடிக் கிடந்ததற்கு அது ஈடாகாது. வெளியூர் ஓட்டுநருக்கும் இதில் பங்கு வேண்டும். நம் ஊரில் வந்து படுத்துவிட்டால் அவருக்கு ஒரு வாரச் சாப்பாடும், வீட்டுக்குப் போன் செய்து சொல்ல ஓர் ஆளும் வேண்டும். அதற்காக லாரி செட்டில் ஓட்டுநரின் வீட்டு நம்பரையும் லாரி ரசீதிலேயே எழுதி வாங்க ஆரம்பித்திருக்கிறோம்.

எங்கள் கடைத்தெருவில் குழாய் போட்டாயிற்று, பதிவு வேலையும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. 25 காசு நிதிக்குப் பெரும்பாலான கடைகள் சம்மதித்துவிட்டன. நோட்டை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் பாக்கி. கடை வைத்திராத, கணக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஒருவரிடம் இருக்கட்டும் என்றும், லோடுமேன்களில் ஒருவர் அதில் மாதாமாதம் கையெழுத்துப் போடட்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.